பதினேழாம் கேள்வியில் ஒரு 'நம்ம'

ரமணிக்கு ஐம்பத்து நான்கு வயது. குடியிருப்பது கிள்ளானில். வேலை தலைநகரில், தமிழர் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸில், ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில் இயங்கும் கருத்துக்கணிப்பு நிறுவனத்தில். முன்பின் தெரியாத மனிதர்களுக்குப் போன் போட்டு, நாட்டு நடப்பில் உங்களுக்குத் திருப்தியா, அதிருப்தியா என்று தமிழில் கேட்க வேண்டும். பதினோரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் கருத்து என்னவென்று நிறுவனம் ஒருநாளும் கேட்டதில்லை. போனில் யாராவது கேட்டாலும் அவள் சொல்லக் கூடாது.

அதற்கு முன்னால் ஷா ஆலமில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் இருந்தாள். தொழிற்சாலை ஒருநாள் மூட்டை கட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டது. கூட வேலை பார்த்தவள் ஒருத்தி இந்த இடத்தைச் சொல்லி அனுப்பினாள். நேர்முகத் தேர்வில் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். வந்திருந்த மற்றவர்கள் வானொலி அறிவிப்பாளர் கணக்காக ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார்கள். ரமணி தண்ணீர் பில்லைப் படிக்கிற மாதிரி படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். அவளைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த வேலைக்கு மூன்றே விதிகள். எழுதியிருப்பதை எழுதியபடி படிக்க வேண்டும். உன் மனதில் இருப்பது உன் குரலில் தெரியக் கூடாது. கேள்விக்கு அர்த்தம் கேட்டால், விளக்கம் சொல்லாமல், 'உங்களுக்கு எப்படிப் புரிகிறதோ அப்படி' என்று மட்டும் சொல்ல வேண்டும். மூன்றாவது விதி அவள் நாக்கில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வந்துவிட்டது. புருஷன் ரெங்கசாமி தட்டைப் பார்த்து, "இது சாம்பாரா, ரசமா?" என்று கேட்டால், "உங்களுக்கு எப்படிப் புரியுதோ அப்படி" என்பாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு சாப்பிடுவார்.

இரண்டாவது விதியை அவள் ஒருமுறைகூட மீறியதில்லை. மகள் ஷாமினி பூச்சோங்கில் பிரசவ வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போன அன்றும், செய்தி வருகிற வரைக்கும் டோல் கட்டணத்தைப் பற்றி அதே குரலில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் விதிதான் தகராறு. கேள்விகளை ஆங்கிலத்தில் எழுதி, யாரிடமோ கொடுத்துத் தமிழாக்கி வாங்குவார்கள். ஆக்கிய புண்ணியவான் வீட்டில் யாரும் தமிழ் பேசுவதில்லை போலிருக்கிறது. 'தலைமைத்துவத்தின்பால் தாங்கள் கொண்டுள்ள ஆதரவானது' என்று ஆரம்பிக்கும். இதைப் போனில் கேட்கிற மனிதர், கோர்ட்டிலிருந்து பேசுகிறார்களா, இல்லை ஸ்கேம் கும்பலா என்று பயந்து வைத்துவிடுவார். வைத்துவிட்டால் பேட்டி போச்சு. அதனால் ரமணி ஓரங்களை லேசாகத் தட்டிச் சரிபண்ணி, அர்த்தம் மாறாமல் பேச்சுத் தமிழில் கேட்பாள். தமிழில் கேட்கிற எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். மேலிடத்துக்கு யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து இருபத்து நான்காம் வருஷம் நடுவில் ஒரு கணிப்பு வந்தது. முப்பத்திரண்டு கேள்விகள். பதினேழாவது இது: 'வெளிநாட்டுப் போரில் பொதுமக்கள் கொல்லப்படுவது தொடர்பில் நாட்டின் தலைவர்கள் எடுத்த நிலைப்பாட்டினால், அவர்கள்பால் தாங்கள் கொண்டுள்ள ஆதரவு அதிகரித்துள்ளதா, குறைந்துள்ளதா, மாற்றமில்லையா?' அதிகரித்திருந்தால் ஒன்று, குறைந்திருந்தால் இரண்டு, மாற்றமில்லை என்றால் மூன்று என்று கணினியில் அமுக்க வேண்டும்.

எந்தப் போர் என்று கேள்வியில் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டிருந்தார்கள். பெயரைச் சொன்னால் பதிலை எடுத்துக் கொடுத்ததாக ஆகுமாம். அந்த மாதங்களில் பெயர் சொல்ல அவசியமும் இல்லைதான். தினமும் டிவியில் காஸா. இடிந்த வீடுகள், துணியில் சுற்றிய பிள்ளைகள். ஊர்வலம், நன்கொடை, அறிக்கை என்று நாடே அதைப் பேசிக்கொண்டிருந்தது. எந்தத் தலைவர் எவ்வளவு உரக்கப் பேசினார், அதனால் அவருக்கு எத்தனை பேர் கூடினார்கள் என்று தெரிந்துகொள்ள யாரோ ஆசைப்பட்டிருக்கிறார்கள். எங்கோ சாகிற ஜனங்களால் இங்கே ஒருவர் நாற்காலி உறுதியாகுமா, ஆட்டம் காணுமா என்பதுதான் கேள்வி. கேட்டவர் யார் என்று ரமணிக்குத் தெரியாது.

ரமணி அந்தக் கேள்வியை இப்படிக் கேட்டாள்: "வெளிநாட்டுச் சண்டையில பொதுமக்கள் சாகறாங்க இல்லீங்களா, அதுல நம்ம தலைவருங்க நடந்துக்கிட்ட விதத்தப் பார்த்து, அவங்க மேல உங்க ஆதரவு கூடிச்சா, குறைஞ்சிச்சா, அப்படியேதான் இருக்கா?"

எல்லோரும் ஒரு நொடியில் புரிந்துகொண்டார்கள். யாரும் போனை வைக்கவில்லை. மூன்று வாரத்தில் அறுபத்து மூன்று பேட்டி முடித்தாள்.

நான்காவது வாரம், செவ்வாய்க்கிழமை மத்தியானம், சூப்பர்வைசர் நசீமா அவளை உள்ளே கூப்பிட்டாள். நசீமாவுக்கு இருபத்தொன்பது வயது. அவள் அப்பா செந்தூலில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருந்தவர். வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்தவள் என்றாலும் எழுதப் படிக்கத் தெரியாது. சட்டென்று கோபப்படுகிற ஜாதி இல்லை. அதனாலேயே அவள் கதவைச் சாத்தியதும் ரமணி நாற்காலியில் உட்காராமல் நின்றாள்.

"உக்காருங்க, ரமணிக்கா. ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளுங்க மிஸ்."

"செவன்டீன்ல உங்க நம்பர் மட்டும் வேற மாதிரி நிக்குது. மத்தவங்க லிஸ்ட்ல எல்லாம் கூடிச்சு, இல்லன்னா மாறலன்னு வருது. உங்களோடதுல அறுபத்து மூணு பேர்ல அம்பத்தோரு பேரு குறைஞ்சிச்சாம். எப்படிக்கா?"

"அவங்க சொன்னததான் அமுக்கினேன்."

"நான் நம்பறேன். மேல நம்பல. கேள்வியக் கேக்காமலே ரெண்ட அமுக்கிட்டே போயிட்டீங்களோன்னு கேக்கறாங்க. அப்படி இருந்தா நாளையிலிருந்து வர வேணாம்னு சொல்லச் சொன்னாங்க."

பொய்ப் பேட்டி. அந்த மாடியில் அதைவிடக் கேவலமான வார்த்தை கிடையாது. செய்து மாட்டிக்கொண்டவர்களை அவளுக்குத் தெரியும். அவர்கள் பெயரை அதற்குப் பிறகு யாரும் சொல்வதில்லை, வேறு நிறுவனங்களும் வேலை தருவதில்லை. பதினோரு வருஷத்தில் அவள் ஒரு எண்ணைக்கூடப் பொய்யாக அமுக்கியதில்லை. வாழ்க்கையில் தன்னுடையது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல அவளிடம் இருந்த ஒன்றிரண்டு விஷயங்களில் அது ஒன்று.

"ரெக்கார்டிங் இருக்கில்ல மிஸ். போட்டுக் கேளுங்க."

பத்துக்கு ஒன்றுதான் பதிவாகும். அவள் பெயரில் ஆறு இருந்தன. இருவரும் ஆளுக்கொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

முதல் குரல் காதர் என்பவருடையது. கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கிறார். பதினேழாவது கேள்வி வந்ததும், "காஸாவத்தானே கேக்கறீங்க?" என்றார். "உங்களுக்கு எப்படிப் புரியுதோ அப்படிங்க" என்றது ரமணியின் குரல். "அப்ப கூடிச்சுன்னு போடுங்க. துணிஞ்சு பேசறாங்க, அதுவே பெருசு" என்றார் காதர்.

நசீமா தலையாட்டினாள். அடுத்ததைப் போட்டாள்.

இரண்டாவது குரல் வேலாயுதம். எழுபத்தொரு வயது, போர்ட் கிள்ளானில் முப்பது வருஷம் லோரி ஓட்டியவர். அதே கேள்வி, அதே வார்த்தைகள், ரமணியின் அதே ஒன்றுமில்லாத குரல். அந்தப் பக்கத்திலிருந்து நீளமாக ஒரு மூச்சு வந்தது.

"இலங்கையத்தானே கேக்கற?"

"உங்களுக்கு எப்படிப் புரியுதோ அப்படிங்க ஐயா."

"ரெண்டாயிரத்து ஒம்பதுல கோயில்ல பால் மாவு, அரிசி எல்லாம் சேத்தோம்மா. நான்தான் லோரியில ஏத்திக்கிட்டுப் போயி போர்ட்டுல எறக்குனேன். நம்ம தலைவருங்க வந்தாங்க. லோரி முன்னால நின்னு படம் புடிச்சிக்கிட்டாங்க. அதோட சரி. அந்த மாவு கப்பல் ஏறுச்சா, இங்கயே கெடந்து புழுத்துச்சான்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தன் சொல்லல. அங்க அத்தன சனம் செத்துச்சு. நானும் ரெண்டு மூணு தடவ அவங்க ஆபீசுல போயி கேட்டேன். டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டாங்க. அன்னிக்கு விட்டதுதான். அதுக்கப்புறம் அவங்களுக்கு நான் ஓட்டுப் போடல."

"அப்படின்னா கூடிச்சா, குறைஞ்சிச்சா, அப்படியேதான் இருக்கா ஐயா?"

"இவ்வளவு சொன்னப்புறமும் கேக்கறியே. குறைஞ்சிச்சு லா."

நசீமா பதிவை நிறுத்தினாள். பிறகு திரும்ப ஓட்டி, கேள்வியை மட்டும் மறுபடி கேட்டாள். மூன்று முறை கேட்டாள்.

"அக்கா, ஆங்கிலத்துல நாட்டோட தலைவருங்கன்னுதானே இருக்கு? தமிழ்லயும் அப்படித்தானே எழுதியிருப்பாங்க?"

"ஆமா மிஸ்."

"நீங்க நம்ம தலைவருங்கன்னு கேக்கறீங்க."

ரமணிக்கு முதலில் விளங்கவில்லை. அதனால் என்ன, நாட்டுத் தலைவர் என்றால் நம்ம தலைவர்தானே என்று வாயெடுத்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். கிள்ளானில் நம்ம கடை என்றால் எது, நம்ம ஆளு என்றால் யார், நம்ம ஸ்கூல் என்றால் எது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நம்ம என்று ஆரம்பித்துவிட்டால் கேட்கிறவர் மனது நாட்டைச் சுற்றாது, நேராக இங்கத்துத் தமிழ்த் தலைவர்களிடம் போய் நின்றுவிடும். தலைவர் நம்மவர் என்றால் போரும் நம்மவர் செத்த போர்தான். அவள் பேச்சை எளிமையாக்கப் போட்ட ஒரு சொல், பதினைந்து வருஷத்தைப் பின்னால் தள்ளி, கடல் கடந்து வேறொரு கடற்கரையில் கொண்டுபோய் விட்டிருக்கிறது.

"எங்க வீட்ல நம்ம ஆளுங்கன்னா அதுக்கு வேற அர்த்தம்க்கா," என்றாள் நசீமா. "அதான் காதர் அங்கிளுக்கு வேற போர் வந்திருக்கு."

ரமணி ஒன்றைச் சொல்லாமல் விட்டாள். இந்தக் கேள்வியை முதல்முறை படித்தபோது அவளுக்கும் இலங்கைதான் ஞாபகம் வந்தது. இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம், தொழிற்சாலை கேன்டீனில் யாரோ கொண்டுவந்த படங்களைப் பார்த்துவிட்டு, அவளும் நான்கு பெண்களும் ஷிப்ட் முடிந்து நேராக பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து மெழுகுவர்த்தி பிடித்து நின்றார்கள். மேடையில் தலைவர்கள் பேசினார்கள். அவர்கள் பேசியதில் ஒரு வரிகூட அவளுக்கு இப்போது நினைவில் இல்லை. அந்தப் படங்களில் ஒன்றில் பதுங்குகுழிக்குள் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் மஞ்சள் கவுன் நினைவில் இருக்கிறது. ஐம்பத்தோரு பேர் குறைந்தது என்றபோது அவளுக்கு அது விசித்திரமாகவே படாததற்குக் காரணம் இதுதான். அவளைக் கேட்டிருந்தால் அவளும் இரண்டைத்தான் அமுக்கச் சொல்லியிருப்பாள்.

மேலிடம் ஒரு வழி சொன்னது. ஆறு பதிவு அறுபத்து மூன்றுக்குச் சாட்சியாகாது. எல்லோரையும் ரமணியே திரும்பக் கூப்பிட வேண்டும். முதல் நாள் முழுக்க நசீமா பக்கத்து லைனில் கேட்டுக்கொண்டிருப்பாள். போன தடவை இந்தக் கேள்வியைக் கேட்டார்கள், பதில் சொன்னேன் என்று அந்த ஆட்கள் வாயாலேயே வந்தால் ரமணி யோக்கியம். இல்லாவிட்டால் அவள் போகலாம். இந்த முறை பதினேழாவது கேள்வியிலிருந்து கடைசி வரை எழுதியிருப்பதை எழுதியபடி படிக்க வேண்டும். புதுப் பதில்தான் செல்லும், பழையது அழிந்துவிடும். சொல்லை மாற்றியதற்கு எப்படியும் எச்சரிக்கைக் கடிதம் உண்டு.

ரெங்கசாமி, "விட்டுத் தள்ளு. வீட்ல இரு," என்றார். அவளால் விட முடியவில்லை. வேலை போனால் போகட்டும், பொய்க்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டு போக முடியாது என்றாள்.

சனிக்கிழமை காலை பதினொரு மணி. கீழே சேலைக் கடையில் ஏதோ பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பட்டியலில் முதல் எண் வேலாயுதத்துடையது. நசீமா பக்கத்து நாற்காலியில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள், கையில் பேனா. ரமணி எண்ணை அமுக்கினாள்.

"வணக்கம் ஐயா. கருத்துக்கணிப்பு நிறுவனத்திலேருந்து பேசறேங்க. உங்ககிட்ட ஏற்கெனவே ஒருதடவ..."

"நீதானா. ஸ்கேமாக்கும்னு நெனச்சேன்," என்றார் வேலாயுதம். "அதே கொரல்தான். அன்னிக்கு புதன்கிழமை கூப்பிட்டுப் பேசிப் பேசி, அடுப்புல வெச்ச மீன் கறி அடி புடிச்சிப் போச்சு. எம் மருமக இன்னும் திட்டிக்கிட்டிருக்கா. அந்தச் சண்டை விஷயம்தானே, கூடிச்சா குறைஞ்சிச்சான்னு?"

நசீமா தாளில் ஒரு சரி போட்டாள். ரமணியைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அறுபத்து மூன்றில் ஒருவர்தான், ஆனாலும் அந்த ஒரு சரியைப் பார்த்ததும் பெயர் தப்பித்துவிடும் என்று ரமணிக்குத் தெரிந்தது.

"ஆமாங்க ஐயா. அந்தக் கேள்வியத் திரும்பப் படிக்கறேங்க." எழுதியபடி படித்தாள். வெளிநாட்டுப் போரில், தொடர்பில், நாட்டின் தலைவர்கள், அவர்கள்பால். ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

"நாட்டுத் தலைவருங்களா?" என்றார் வேலாயுதம். "பிரதமரு, மந்திரிங்க, அவங்களா? இப்ப நடக்கற சண்டையா?"

"உங்களுக்கு எப்படிப் புரியுதோ அப்படிங்க ஐயா."

"அப்படின்னா அது வேற கேள்வியாச்சே. கூடிச்சுன்னு போடு. அந்தப் பிள்ளைங்கள டிவியில பார்த்தா சோறு எறங்க மாட்டேங்குது. யாராச்சும் எழுந்து நின்னு கேக்கணும். கேக்கறாங்க. நல்லதுதானே."

"அதிகரித்துள்ளது. சரிங்களா ஐயா?"

"ம். சரி. அப்ப போன தடவ நான் சொன்னது எங்க போவும்?"

இதற்குத் தாளில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ரமணி நசீமாவைப் பார்த்தாள். நசீமாவும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது சேராதுங்க ஐயா. அழிச்சிடுவாங்க."

"ஏன்? நான் பொய்யா சொன்னேன்?"

"இல்லீங்க. நான்தான் தப்பாக் கேட்டுட்டேன். எழுதியிருந்ததுல ஒரு வார்த்தைய மாத்திட்டேங்க."

"என்ன வார்த்தை?"

"நாட்டுத் தலைவருங்கன்னு கேக்கறதுக்குப் பதிலா நம்ம தலைவருங்கன்னு கேட்டுட்டேங்க. நம்மன்னு சொல்லியிருக்கக் கூடாது."

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்றை யாரோ நகர்த்துகிற சத்தம் வந்தது.

"நம்மன்னு சொன்னதுல என்னம்மா தப்பு?" என்று கேட்டார் வேலாயுதம்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ரமணி வாயைத் திறந்தாள். உங்களுக்கு எப்படிப் புரிகிறதோ அப்படி என்பது நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள். அந்த மஞ்சள் கவுன் எங்கிருந்தோ வந்து கண்முன்னால் நின்றது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள். முழுக்க அடங்கவில்லை.

"ஒண்ணும் தப்பில்லீங்க ஐயா," என்றாள்.

பதினோரு வருஷத்தில் முதல்முறையாக அவள் குரலில் ஏதோ இருந்தது. நசீமா அதைக் கேட்டாள். பேனாவைத் தாளின்மேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

ரமணி ஒன்றை அமுக்கினாள். திரையில் இருந்த இரண்டு மறைந்து ஒன்று வந்தது. அடுத்த கேள்வி கோழி முட்டை விலையைப் பற்றியது. அதை எழுதியிருந்தபடியே படித்தாள்.